பாதாளச் சாக்கடைப் பள்ளமும் மதிப்பீட்டில் இல்லாத பாறையும்: ஒரு நகராட்சிப் பொறியாளரின் அனுபவம்

பாதாளச் சாக்கடைத் திட்டத்தின் மதிப்பீட்டைக் கையில் எடுக்கும் எவரும் முதலில் பார்ப்பது சுத்திகரிப்பு நிலையத்தின் செலவையும் குழாய்களின் விலையையும்தான். அவை பெரும்பாலும் மதிப்பீட்டை ஒட்டியே முடிந்துவிடும். குழாயின் நீளத்தை வரைபடத்தில் அளந்துவிடலாம், விலையைத் தயாரிப்பாளரிடம் கேட்டுவிடலாம். கணக்கைக் குலைப்பது பள்ளம் தோண்டும் செலவு. கொங்கு மண்டலத்து நகராட்சி ஒன்றின் பொறியியல் பிரிவில், 2005 டிசம்பரில் தொடங்கிய மத்திய அரசின் நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் கீழ் சிறு, நடுத்தர நகரங்களுக்கு நிதி கிடைத்த காலத்தில், அத்தகைய பணி ஒன்றை நான் தொடக்கம் முதலே பார்த்தேன். இப்போது மத்திய அரசின் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டமான அம்ருத்தில் விடுபட்ட வார்டுகளுக்கும் புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கும் மதிப்பீடு தயாரிக்கும் இளம் பொறியாளர்களுக்கும், அந்த மதிப்பீட்டைத் தீர்மானமாக நிறைவேற்றும் மன்ற உறுப்பினர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

குடிநீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் ஒரே கண்ணால் பார்ப்பதிலிருந்தே தவறு தொடங்குகிறது. குடிநீர் அழுத்தத்தில் ஓடுவதால் அதன் குழாயை ஒரு மீட்டர் ஆழத்தில் போட்டு, மேடு பள்ளத்தோடு வளைத்துக்கொண்டு போய்விடலாம். கழிவுநீர் தன் எடையாலேயே ஓட வேண்டும். குழாயில் கசடு தங்காமல் இருக்க, தொடக்கக் கால உச்ச ஓட்டத்தில் நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும் என்று மத்தியப் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பின் கையேடு சொல்கிறது. நொடிக்கு 2 லிட்டர் மட்டுமே ஓடும் தெருமுனைக் குழாய்க்கு அதே கையேடு தரும் சரிவு ஆயிரத்துக்கு 6. அதாவது 100 மீட்டருக்கு 60 சென்டிமீட்டர். தெரு சமதளமாக இருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் தொடங்கும் குழாய் 500 மீட்டர் தாண்டும்போது 4 மீட்டர் ஆழத்தில் இருக்கும். ஓட்டம் கூடக்கூடச் சரிவைக் குறைக்கலாம் என்றாலும், ஆழம் கூடிக்கொண்டே போவதைத் தவிர்க்க முடியாது. தெரு எதிர்த் திசையில் மேடேறினால் இன்னும் மோசம்.

இப்படி ஆழமாகிக்கொண்டே போகும் பள்ளம் எந்த மண்ணில் இறங்குகிறது என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டின் பெரும் பகுதி பழமையான கடும்பாறையின் மேல் அமர்ந்திருக்கிறது. சேலம், நாமக்கல், ஈரோடு, தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கங்களில் சார்னோகைட்டும் நைஸ் பாறையும் பல இடங்களில் தரைக்கு மிக அருகிலேயே கிடக்கின்றன. மேலே செம்மண் அல்லது கரிசல், அதன் கீழ் சரளை, அதற்கும் கீழ் மக்கிய பாறை, அடியில் கடும்பாறை என்பது பாடப்புத்தக வரிசை. நிலத்தில் அந்த வரிசை இருக்கும். அடுக்குகளின் கனம்தான் எங்கும் ஒன்றாக இருக்காது. ஒரு மேன்ஹோலுக்கும் அடுத்த மேன்ஹோலுக்கும் இடையில், அதாவது 30 மீட்டருக்குள், பாறையின் தலை இரண்டு மீட்டர் ஏறி இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். மக்கிய பாறைக்கு நடுவே மக்காத உருண்டைகள் படுத்த யானை அளவில் கிடக்கும். பொக்லைன் வாளியின் பல் அதில் மோதும்போதுதான் அது இருப்பதே தெரியும்.

எங்கள் விரிவான திட்ட அறிக்கையில் மண் ஆய்வு இல்லாமல் இல்லை. சுத்திகரிப்பு நிலையம் அமையும் இடத்திலும், கழிவுநீரை இறைத்து அனுப்பும் உந்து நிலையங்களின் இடத்திலும் துளையிட்டு, அறிக்கை வாங்கி, அழகாக இணைத்திருந்தார்கள். கட்டடத்துக்கு அடித்தளம் வேண்டும், அதனால் ஆய்வு வேண்டும் என்ற எண்ணம் அது. ஆனால் தோண்டலின் பெரும் பங்கு நடக்கப்போகும் தெருக்களில் ஒரு துளைகூட இல்லை. அங்கே எவ்வளவு மண், எவ்வளவு மக்கிய பாறை, எவ்வளவு கடும்பாறை என்ற விகிதம் வேறொரு ஊரின் திட்டத்திலிருந்து எடுத்து வைக்கப்பட்டிருந்தது. உந்து நிலையம் எப்போதும் ஊரின் தாழ்வான பகுதியில், ஓடைக்கரையில் அமைவதால் அங்கே வண்டல் ஆழமாக இருக்கும். அந்தத் துளைகளைப் பார்த்துவிட்டு மேட்டுத் தெருவுக்கு விகிதம் போடுவது ஊர் முழுவதையும் ஓடைக்கரையாகக் கருதுவதாகும்.

பணி தொடங்கியபோது தாழ்வான வார்டுகளில் வேலை நன்றாகவே ஓடியது. பழைய ஊரின் மேட்டுத் தெருக்களுக்குள் நுழைந்ததும் நின்றது. ஆறேழு அடிக்குக் கீழே நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் பாறை தெரிந்தது. இரு பக்கமும் ஒட்டுச் சுவர் வீடுகள், அவற்றில் பாதி மண் சாந்தில் கட்டிய பழைய ஓட்டு வீடுகள். வெடி வைக்கும் பேச்சுக்கே இடமில்லை. பாறையைத் தட்டி உடைக்கும் பிரேக்கர் பொருத்திய வண்டியைக் கொண்டுவந்து காலை முதல் மாலை வரை தட்டினால் நான்கைந்து மீட்டர் நீளம் நகரும். தூசிக்கும் சத்தத்துக்கும் நடுவே எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் என்னிடம், “ஏனுங்க தம்பி, எங்க வூட்டுக் கெணத்துல எட்டடிக்குக் கீழ பாறைதானுங்க. வெட்டும்போதே தோட்டா வெச்சுத்தான் ஒடச்சாங்க. மொதல்லயே கேட்டிருந்தாச் சொல்லியிருப்பமுங்களே” என்றார். அந்தக் கிணறு பள்ளத்திலிருந்து பதினைந்து அடி தூரத்தில் இருந்தது. எட்டிப் பார்த்தேன். கற்கட்டு எங்கே முடிகிறது, பாறைச் சுவர் எங்கே தொடங்குகிறது என்பது கோடு போட்டதுபோல் தெரிந்தது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு துளையிட்டிருந்தால் கிடைத்திருக்கும் தகவலைவிட அது தெளிவாக இருந்தது.

அன்றிலிருந்து நான் எந்தத் தெருவுக்கு மதிப்பீடு போட்டாலும் முதலில் கிணறுகளைத்தான் தேடுவேன். கிணறு மூடப்பட்ட வீடுகளில் ஆழ்துளைக் கிணறு இருக்கும். அதைப் போட்ட வண்டிக்காரரின் ரசீது பீரோவில் இருக்கும். கேசிங் குழாய் எத்தனை அடி இறக்கினார்கள் என்பது அந்த ரசீதில் எழுதியிருக்கும். மண் சரியாமல் இருக்கவே கேசிங் போடுகிறார்கள். கெட்டிப் பாறை வந்ததும் அதை நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே கேசிங் 60 அடி இறங்கிய தெருவில் 4 மீட்டர் பள்ளத்துக்குக் கடும்பாறைப் பயம் குறைவு. 10 அடியில் நின்றுவிட்ட தெருவில் நிச்சயம் உண்டு. இதற்கு வரம்பு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கேசிங் கணக்கு கெட்டிப் பாறை தொடங்கும் இடத்தைக் காட்டுமே தவிர, அதற்கு மேலே மக்கிய பாறை எவ்வளவு என்று காட்டாது. அதற்குச் சோதனைக் குழிதான் வழி. ஆனால் எந்தத் தெருவில் சோதனைக் குழியை நெருக்கமாகப் போட வேண்டும், எங்கே தள்ளித் தள்ளிப் போட்டால் போதும் என்பதை இந்த ரசீதுகள் காட்டிவிடும்.

செலவு எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை மன்ற உறுப்பினர்களுக்கு விளக்க நான் ஒரு சிறு கணக்கைப் பயன்படுத்துவேன். இரண்டு மேன்ஹோல்களுக்கு இடையே 30 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், 3.5 மீட்டர் ஆழம் என்றால் 94.5 கன மீட்டர். மண்ணைத் தோண்ட ஒரு கன மீட்டருக்கு ஒரு பங்கு செலவு என்றும், வெடியில்லாமல் பாறையை உடைக்க ஆறு பங்கு என்றும் வைத்துக்கொள்வோம். அளவில் 10 சதவீதம் பாறை என்று மதிப்பீடு சொன்னால் மொத்தம் சுமார் 142 பங்கு. உண்மையில் 2 மீட்டருக்குக் கீழே முழுவதும் பாறை என்றால், 54 கன மீட்டர் மண்ணும் 40.5 கன மீட்டர் பாறையும் சேர்ந்து 297 பங்கு. குழாய் மாறவில்லை, நீளம் மாறவில்லை, சரிவு மாறவில்லை. தோண்டும் செலவு மட்டும் இரு மடங்கைத் தாண்டிவிட்டது. ஒரு தெருவில் இப்படி என்றால் தாங்கலாம். பழைய ஊர் முழுவதும் ஒரே பாறை மேட்டில் இருந்தால் தாங்க முடியாது.

இந்தக் கணக்கில் வராத செலவுகளும் பாறையைத் தொடர்ந்து வரும். பாறைத் தளத்தின் மேல் குழாயை நேராக வைக்கக் கூடாது. முனை குத்திக் குழாய் விரிசல் விடும். ஆகவே இன்னும் கொஞ்சம் ஆழமாக உடைத்து, மணல் அல்லது சல்லி மெத்தை போட வேண்டும். உடைத்த கல்லைக் குழாயின் மேல் திரும்பக் கொட்டவும் முடியாது. வெளியிலிருந்து நல்ல மண் வர வேண்டும், கல் வெளியே போக வேண்டும். அந்த இரண்டுக்கும் லாரி நடை, ஏற்றுக்கூலி, கொட்ட இடம். பிரேக்கர் பாறையை நேர்க்கோட்டில் வெட்டாது, 0.9 மீட்டர் அகலத்துக்குத் தட்டினால் ஒன்றேகால் மீட்டருக்குப் பிளந்துகொள்ளும். ஒப்பந்தப்படி 0.9 மீட்டருக்குத்தான் பணம், ஆனால் நிரப்ப வேண்டியதும் சாலை போட வேண்டியதும் பிளந்த அகலம் முழுவதற்கும். அதிர்ச்சியில் உடைந்த பழைய குடிநீர்க் குழாய்களைச் சரிசெய்வதும், வீட்டுக்காரர்கள் காட்டும் சுவர் விரிசல்களுக்குப் பதில் சொல்வதும் தனி. தட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டின் சுவரையும் உரிமையாளர் முன்னிலையில் தேதியுடன் படம் எடுத்து வைப்பது இருதரப்புக்கும் நியாயம் செய்யும் வேலை. இதைச் செய்யாத தெருக்களில்தான் சண்டை மிகுதியாக இருந்தது.

ஆழம் கூடும்போது பாதுகாப்பும் செலவுதான், அதில் கைவைக்கவே கூடாது. 1.5 மீட்டருக்கு மேற்பட்ட பள்ளத்தின் பக்கங்களைச் சாய்த்து வெட்ட வேண்டும், அல்லது பலகை அடித்து முட்டுக் கொடுக்க வேண்டும்; தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும் என்பது மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதி. மூன்று மீட்டர் அகலத் தெருவில் அப்படித் தள்ளிக் கொட்ட இடமே கிடையாது, ஆகவே மண்ணை உடனுக்குடன் அள்ளி வேறிடம் கொண்டுபோக வேண்டும். கீழே பாறை இருக்கிறது, அதனால் சரியாது என்று நினைப்பது ஆபத்து. பாறைக்கு மேலுள்ள இரண்டு மீட்டர் செம்மண்தான் பிரேக்கரின் அதிர்வில் சரிந்து விழும்.

பணத்தைவிட நம்பிக்கையை அதிகம் தின்றது அளவெடுப்பு. மக்கிய பாறையா, கடும்பாறையா என்பதில் ஒப்பந்ததாரரின் ஆட்களும் எங்கள் ஆட்களும் ஒவ்வொரு நாளும் முட்டிக்கொண்டார்கள். வெடி தேவைப்படும் பாறையே கடும்பாறை என்பது பழைய வரையறை. வெடியே வைக்க முடியாத தெருவில் அந்த வரையறையை எப்படிப் பொருத்துவது? “பிரேக்கர் போட்டேன், ஆகவே கடும்பாறை” என்பது அவர்கள் வாதம். “வாளியாலேயே பெயர்ந்திருக்கும்” என்பது எங்கள் வாதம். இதற்கு நாங்கள் கண்ட வழி, ஒவ்வொரு தெருவின் தொடக்கத்திலும் இருதரப்பும் நின்று, பாறைப் பல் பொருத்திய குறிப்பிட்ட எடை வகுப்பு வண்டியின் வாளியால் முதலில் முயல்வது. அது பெயர்க்காத இடத்தில் தொடங்குவது கடும்பாறை. இந்த வரையறை, வண்டியின் எடை வகுப்பு உட்பட, ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

அளவை எடுக்கும் நேரம் அதைவிட முக்கியம். பள்ளம் முழுதாக வெட்டி முடிந்தபின் பாறை எந்த மட்டத்தில் தொடங்கியது என்று பக்கச் சுவரைப் பார்த்துச் சொல்வது ஊகம். மேல்மண்ணை அள்ளிப் பாறையின் தலை தெரிந்தவுடன் வேலையை நிறுத்தி, லெவல் கருவியை வைத்து, ஐந்து மீட்டருக்கு ஒருமுறை ஸ்டாஃப் எனும் அளவுக் கம்பைப் பாறைமேல் நிறுத்தி, அளவைக் குறித்து, இருவரும் அங்கேயே அளவுப் புத்தகத்தில் கையெழுத்திட்டுவிட வேண்டும். பிறகு படம். அதன்பிறகுதான் பிரேக்கர். மட்டம் எடுக்கத் தவறிய இடங்களில், உடைத்த கல்லைத் தனியாக அடுக்கி, அடுக்கின் கன அளவில் இடைவெளிக்காகப் பாதியைக் கழித்துக் கணக்கிடும் முறை உண்டு. ஆனால் நெருக்கமான தெருவில் கல்லை அடுக்க இடம் ஏது? அடுத்த தெருக் கல்லும் அதே அடுக்கில் சேர்ந்துவிட்டால் யார் பிரிப்பது? தணிக்கையில் கேள்வி வந்தபோது எங்களைக் காப்பாற்றியவை மட்ட அளவுகளும் படங்களும்தான். அவை இல்லாத பகுதிகளுக்கு எத்தனை பக்கம் விளக்கம் எழுதினாலும் போதவில்லை.

ஒப்பந்தத்தின் சொற்கள் இந்தச் சுமையை யார் தலையில் வைக்கின்றன என்பதை ஒப்பந்தப்புள்ளி கோரும் முன்பே தீர்மானிக்க வேண்டும். “ஒப்பந்ததாரர் பணியிடத்தைப் பார்வையிட்டு நிலத்தின் தன்மையை அறிந்துகொண்டதாகக் கருதப்படும்” என்ற ஒரு வரியை நம் ஆவணங்களில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். தார் போட்ட தெருவில் நடந்து பார்த்து நான்கு மீட்டர் கீழே இருப்பதை எவர் அறிவார்? உலக அளவில் பயன்படும் ஃபிடிக் ஒப்பந்த மாதிரியின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பில், அனுபவமுள்ள ஒப்பந்ததாரர் நியாயமாக எதிர்பார்த்திருக்க முடியாத நில நிலைமைகளுக்கு அறிவிப்பு கொடுத்துக் கூடுதல் காலமும் செலவும் கோரலாம் என்று 4.12ஆம் பிரிவு சொல்கிறது. அபாயத்தை முழுவதும் ஒப்பந்ததாரர்மேல் தள்ளினால், கவனமானவர் விலையை ஏற்றிக் கேட்பார். துணிந்தவர் குறைத்துக் கேட்டு வேலையைப் பிடித்து, பாறை வந்ததும் பாதியில் நிறுத்துவார். தோண்டிய தெருவோடு மழைக்காலத்தைக் கழிப்பவர்கள் மக்கள்.

மண் தோண்டல், பாறை உடைப்பு என ஒவ்வொரு வேலை இனத்துக்கும் தனி விலை கேட்கும் ஒப்பந்தத்தில் வேறொரு பொறி இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளியின் அளவுப் பட்டியலில் பாறை மிகக் குறைவாக இருந்தால், அந்த ஊரின் நிலத்தை அறிந்த ஒப்பந்ததாரர் பாறைக்கு மிக உயர்ந்த விலையும், அளவு பெரிதாக இருக்கும் மண்ணுக்கு மிகக் குறைந்த விலையும் கொடுப்பார். கூட்டுத்தொகையில் அவரே குறைந்தவர். பணி முடியும்போது பாறை பெருகி, மண் சுருங்கி, அவரே மிக அதிகமானவராகிவிடுவார். பட்டியலின் அளவு உண்மைக்கு அருகில் இருந்தால் இந்தப் பொறி வேலை செய்யாது; கூடுதலாக, ஓர் இனத்தின் அளவு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் விலையை மறுபடி நிர்ணயிக்கலாம் என்ற விதியும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

ஏறிய தொகை எங்கிருந்து வரும் என்பது நகராட்சிக்கு மிகக் கடினமான கேள்வி. எங்கள் திட்டத்தில் மத்திய அரசு 80 சதவீதம், மாநிலம் 10, நகராட்சி 10 என்பது பங்கீடு. 2015இல் தொடங்கிய முதல் அம்ருத்தில் 10 லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு மத்தியப் பங்கு திட்டச் செலவில் பாதியாக இருந்தது. எதுவானாலும் அந்தப் பங்கு, அனுமதித்த தொகையோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஏறுவது மாநிலத்தின்மேலும் உள்ளாட்சியின்மேலும் விழும். கடன் வாங்கினால் அதன் வட்டியும் சேர்ந்து வீட்டு இணைப்பு வைப்புத்தொகையிலும் மாதக் கட்டணத்திலும் வந்து நிற்கும். திருத்திய மதிப்பீடு நகராட்சியிலிருந்து போய், தொழில்நுட்ப அனுமதியும் நிர்வாக அனுமதியும் பெற்றுத் திரும்பும்வரை ஒப்பந்ததாரரின் பணப் பட்டியல் தேங்கும், வண்டிகள் வேறு வேலைக்குப் போய்விடும்.

இந்த நெருக்கடியில்தான் மிக ஆபத்தான யோசனை எழும்: சரிவைக் கொஞ்சம் குறைத்தால் ஆழம் குறையும், பாறை தப்பும். எங்கள் கூட்டத்திலும் எழுந்தது, நான் எதிர்த்தேன். சரிவு குறைந்தால் கசடு படியும். கசடு படிந்தால் அடைக்கும். அடைத்தால் யாரையாவது உள்ளே இறக்கும் நிர்ப்பந்தம் வரும். கையால் மலமள்ளும் தொழிலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் அப்படி இறக்குவதைத் தடை செய்திருந்தும் இந்த நாட்டில் சாக்கடைக்குள் மனிதர்கள் இறந்துகொண்டிருக்கிறார்கள். பாறையில் மிச்சப்படுத்தும் பணத்துக்கு ஒரு தொழிலாளியின் மூச்சை அடகு வைக்க எந்தப் பொறியாளருக்கும் உரிமை இல்லை. ஆழத்தைக் குறைக்க நேர்மையான வழிகள் இருக்கின்றன. ஓட்டத்தின் திசையை மாற்றிப் பாறை ஆழமாக உள்ள இணைத் தெரு வழியாகக் கொண்டுபோகலாம். நடுவில் ஒரு சிறு உந்து குழி அமைத்துக் கழிவுநீரை மேலேற்றி மீண்டும் ஆழமில்லாமல் தொடங்கலாம். உந்து குழிக்கு மின்கட்டணமும் ஆளும் காலமெல்லாம் வேண்டும், பாறையை உடைப்பது ஒரே முறை; முப்பது ஆண்டுச் செலவை எதிரெதிரே எழுதிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நாங்கள் பழைய ஊரின் ஒரு பகுதிக்கு உந்து குழியையும் மற்ற பகுதிக்குப் பாறை உடைப்பையும் தேர்ந்தோம்.

கடலோர நகராட்சிகளில் பணியாற்றிய நண்பர்களுக்குப் பாறைக்குப் பதில் தண்ணீர் இதே வேலையைச் செய்கிறது. மணலில் நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டும்போது இறைப்பதற்கும் முட்டுப் பலகைக்கும் ஆகும் செலவு தோண்டுவதையே மிஞ்சிவிடும். மே மாதத்தில் பார்த்த நீர்மட்டத்தை வைத்து மதிப்பீடு போட்டு, டிசம்பரில் தோண்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் கேட்க வேண்டியவர் கிணற்றுக்காரர்தான். மழைக்காலத்தில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்குமா என்று அவர் ஒரே வரியில் சொல்லிவிடுவார்.

விரிவாக்கப் பகுதிக்கு அடுத்த மதிப்பீடு போட்டபோது நாங்கள் வரிசையை மாற்றினோம். முதலில் வார்டுவாரியாகக் கிணறுகளையும் கேசிங் ரசீதுகளையும் பதிவு செய்தோம். பாறை மேலே இருக்கும் என்று தோன்றிய தெருக்களில் மேன்ஹோல் வரப்போகும் இடங்களிலேயே சோதனைக் குழி தோண்டி, மட்டத்தைக் குறித்து மூடினோம். குடிநீர்க் குழாயும் தொலைபேசிக் கம்பியும் எந்த ஆழத்தில் போகின்றன என்பதும் அதே குழிகளில் தெரிந்துவிட்டது. குழாயின் நெடுக்குவெட்டு வரைபடத்தில், தரைமட்டக் கோட்டுக்கும் குழாய்க் கோட்டுக்கும் நடுவே மூன்றாவதாகப் பாறைமட்டக் கோட்டை வரைந்தோம். அந்த வரைபடங்களை ஒப்பந்தப்புள்ளியோடு எல்லோருக்கும் கொடுத்தோம், அவை அடிப்படையாகக் கொள்ளப்படும் என்றும் எழுதினோம். மதிப்பீட்டுத் தொகை முந்தையதைவிடப் பெரிதாக இருந்ததால் மன்றத்தில் கேள்வி எழுந்தது. வரைபடத்தை விரித்து, எந்தத் தெருவில் எத்தனை மீட்டர் பாறை என்று காட்டினேன். அந்தந்த வார்டு உறுப்பினர்கள் தங்கள் தெருக் கிணறுகளை நினைவுபடுத்தி, இரண்டு இடங்களில் கோட்டைத் திருத்தவும் சொன்னார்கள். திருத்தினோம்.